இரணைமடு: உயர்ந்த கட்டும் உயராத மழையும்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் நலம் விசாரிக்கும் முறையே மாறிவிடும். "சுகமா இருக்கிறியளோ?" என்பது பின்னுக்குப் போக, "எத்தினை அடியாம்?" என்பது முன்னுக்கு வரும். எதனுடைய அடி என்று கேட்பவர் சொல்வதில்லை. பதில் சொல்பவரும் அதனைத் திருப்பிக் கேட்பதில்லை. "இருபத்திரண்டு", "இருபத்தேழு", "முப்பது தாண்டியிட்டுதாம்" என்று ஓர் எண் மாத்திரம் வரும். அந்த எண்ணைக் கேட்டதும் என் அப்பு வெற்றிலைத் தட்டத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார். அல்லது தள்ளி வைத்துவிட்டு எழுந்து போவார். இழுத்தால் சிறுபோகம் உண்டு, தள்ளினால் இல்லை என்பது சிறுவர்களாகிய எங்களுக்கும் தெரிந்திருந்தது.

அந்த எண் இரணைமடுக்குளத்தின் நீர்மட்டம்.

நான் ஓர் இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன். மண்ணின் இறுக்கத்தையும் நீரின் அழுத்தத்தையும் அளக்கும் கலை எனக்குத் தெரியாது. இலக்கியத் தொடரொன்றில் குளத்தைப் பற்றிப் பேச இவனுக்கென்ன உரிமை என்று நேயர்கள் கேட்பது நியாயமே. எனக்கு அந்த உரிமையைத் தந்தவர் கபிலர் என்றுதான் சொல்லவேண்டும். பாரி இறந்தபின் அவனது பறம்பு நாட்டை நினைத்து அவர் பாடிய புறநானூற்றுப் பாடல்களுள் ஒன்று, ஒரு சிறு குளத்தைப் பற்றியது. எட்டாம் நாட் பிறை போல வளைந்த கரையையுடைய குளம், தெளிந்த நீர், அந்தக் கரை இன்று காப்பாரின்றி உடைகின்றது. பாட்டில் இருப்பது இவ்வளவே. ஒரு நாடு அழிந்ததைச் சொல்ல அவர் எரிந்த அரண்மனையையோ வீழ்ந்த கொடியையோ காட்டவில்லை. உடைகின்ற குளக்கட்டைக் காட்டினார். இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு இரணைமடுவின் கட்டுத்தான் கண்முன் நிற்கும்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் இரட்டைப் பிள்ளைகளை 'இரணைப் பிள்ளையள்' என்பர். இரணை என்றால் சோடி. இரணைதீவு என்பது அருகருகே கிடக்கும் இரு தீவுகள். மடு என்பது ஆற்றின் ஓட்டத்தில் கோடையிலும் வற்றாது நிற்கும் ஆழமான பள்ளம். ஆகவே இரணைமடு என்பது இரு மடுக்கள் சேர்ந்த இடம். கட்டு வருமுன்னரே அந்த மடுக்கள் அங்கிருந்தன. மனிதர் செய்தது, அவ்விரண்டையும் ஒரே நீர்ப்பரப்பின் கீழ்க் கொண்டுவந்ததுதான். கடுங்கோடையில் குளம் அடிமட்டத்துக்கு இறங்கும்போது மடுக்கள் மீண்டும் இரண்டாகப் பிரிந்துவிடும் என்று அப்பு சொல்வார். "குளம் தன்ரை பேரை எங்களுக்கு ஞாபகப்படுத்துது" என்பது அவர் வார்த்தை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மாத்திரம் ஓடும் ஓர் ஓடை. ஆறென்பது மரியாதைக்குச் சொல்வது. விழும் மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிக் கீழேயுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. அதையே துலாவாலும் பின்னர் இயந்திரத்தாலும் இறைத்துக் குடித்து, புகையிலையும் வெங்காயமும் செய்த சமூகம் எங்களுடையது. ஆனையிறவைக் கடந்து தெற்கே போனால் நிலம் வேறு. அங்கே கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்துக் காடுகளிற் பிறந்து வடக்கு நோக்கி ஓடி, ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகிறது. அதன் குறுக்கே, கிளிநொச்சி நகருக்குத் தென்கிழக்கே சுமார் 3 மைல் தொலைவில் அமைந்ததே இரணைமடுக்குளம். குளத்துக்கு மேலே ஏறத்தாழ 227 சதுரமைல் பரப்பில் விழும் மழை வடிந்து இங்கே வருகிறது. அந்தப் பரப்பிலும் எத்தனையோ சிறு குளங்கள் உண்டு. அவை நிறைந்து வான் பாய்ந்தபின் வருவதே இரணைமடுவுக்குரிய பங்கு. மேலே உள்ளவன் குடித்து மீந்ததே கீழே உள்ளவனுக்கு என்ற நியதியை இந்த ஆறு ஆதியிலிருந்தே கடைப்பிடித்து வந்திருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். பின்னால் வேண்டியிருக்கும்.

இங்கே குளம் கட்டும் திட்டத்தை 1885இல் பார்க்கர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் வரைந்தார். வேலை தொடங்கியது 1902இல். முடிவுற்றதோ 1920ஆம் ஆண்டளவில். இடையிலே, 1905இல், அநுராதபுரத்தையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்துப் புகையிரதப் பாதை வந்தது. கிளிநொச்சி என்ற பெயர் பயணச்சீட்டில் ஏறியது. ஆனால் காட்டையும் குளிர்காய்ச்சலையும் கண்டு அஞ்சிய யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் புகையிரத யன்னலால் எட்டிப்பார்த்ததோடு நின்றுவிட்டனர். குளம் இருந்தது, நீர் இருந்தது, கமக்காரர் போதாது. 1936இல் குடியேற்றத்திட்டம் தொடங்கிய பிறகே ஊர் உருவாயிற்று.

மண்ணாலான கட்டு என்றதும் இக்காலத்தவர் அதைக் கொங்கிறீற்றுக்குத் தம்பியாக எண்ணுகின்றனர். அது தவறு. கொங்கிறீற்று அணை நீரை எதிர்த்து நிற்பது. மண்கட்டு நீரோடு இணங்கி நிற்பது. எவ்வளவு இறுக்கினாலும் மண்ணுக்குள் நீர் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அது எவ்வளவு மெதுவாக, எவ்வழியாக, எந்த நிறத்தில் கசிகிறது என்பதே கேள்வி. தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. கலங்கிய நீர் கசிந்தால் கட்டின் மண்ணும் அதனோடு போகிறது என்று பொருள். கட்டின் உட்பக்கத்தை அலை அரிக்காதபடி கற்களால் பாவுவர். வெளிப்பக்கத்திற் புல் வளர விடுவர். மரம் வளர விடமாட்டார்கள். மரத்தின் வேர் செத்து உக்கினால் அது நீருக்கு ஒரு குழாய். கறையான் புற்றும் உடும்புப் பொந்தும் அப்படியே. வயலுக்கு நீர்விடும் வாயிலை வன்னியில் 'துருசு' என்பர். மிஞ்சிய நீர் வழிந்தோடும் இடம் 'வான்'. நீர் வந்து சேரும் மேற்புறம் 'அலைகரை'. இரணைமடுவின் வானில் இன்று 14 கதவுகள் உள்ளன. ஒரு மண்குளத்தின் உயிர் அதன் வானில் இருக்கிறது. நீர் வானால் போகவேண்டும். கட்டின் மேலால் போகக்கூடாது. மேலால் ஒரு முறை போனால் சில மணித்தியாலத்தில் கட்டைக் கரைத்துவிடும்.

இதை நான் அறிந்தது நூல்களிலிருந்தன்று. என் அப்பு 1950களின் தொடக்கத்தில் வலிகாமத்துக் கிராமமொன்றிலிருந்து உருத்திரபுரத்துக்குக் குடியேறியவர். ஊரில் அவருக்கு இருந்தது மூன்று பரப்புக் காணி. பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். சகோதரர் நால்வருக்கு அதைப் பங்கிட்டால் என்ன மிஞ்சும் என்பதை நேயர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். குடியேற்றத்திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலும் குடியிருக்க மேட்டுக்காணியும் கிடைத்தன. ஆச்சி முதல் நாள் வாய்க்கால் நீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணியும் சும்மா ஓடுதே" என்று அழுதாராம். கிணற்று நீரைப் பட்டை பட்டையாக எண்ணி இறைத்துப் பழகிய ஒரு பெண்ணுக்கு, இறைக்காமலே நடந்து வரும் நீர் அதிசயமாகத்தான் இருந்திருக்கும். உருத்திரபுரத்தில் இன்றும் ஊர்களுக்குப் பெயர் வாய்க்காலின் இலக்கம்: எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்பர். முகவரியே நீரால் எழுதப்பட்ட ஊர் அது.

இனிக் கட்டின் உயரத்துக்கு வருவோம். இக்கட்டுரையின் மையம் இதுவே.

1920இல் குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 40,000 ஏக்கரடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கரடி. 1948 முதல் 1951 வரை நடந்த வேலையில் நீர்மட்டம் 30 அடியாகவும், கொள்ளளவு ஏறத்தாழ 82,000 ஏக்கரடியாகவும் உயர்ந்தன. 1950களின் நடுவில் 32 அடி. 1977இல் 34 அடி, கொள்ளளவு 106,500. 2018இல் முடிந்த புனரமைப்பில் 36 அடி; ஏறத்தாழ 119,500. ஒரு நூற்றாண்டில் ஒரே குளம் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தன் பசிக்கு ஏற்பக் கட்டின் மேல் இரண்டு கூடை மண் கொட்டியிருக்கிறது என்றும் சொல்லலாம்.

ஆனால் மேலே சொன்ன 227 சதுரமைல் அன்றும் அதேதான், இன்றும் அதேதான். மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குலம். அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். கட்டை உயர்த்தலாம், மேகத்தை உயர்த்த முடியாது. குளத்தைப் பெருப்பிப்பது பாத்திரத்தைப் பெருப்பிப்பதே. ஊற்றுகின்றவன் கை பெரிதாகவில்லை. நல்ல மாரியில் மேலதிக ஈரடியும் நிறையும். இடைத்தர மாரியில் அது வெறும் கோடாக, அளவுகோலின் மேல் முனையில், கண்ணுக்கு மாத்திரம் தெரியும். தவிரவும் இது தட்டையான நிலம். நீர்மட்டம் ஓரடி உயர்ந்தால் அலைகரையில் நீர் வெகுதூரம் பரவும். பரவிய நீரை வெயில் உறிஞ்சும். வரண்ட வலயத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஐந்தடி நீர் ஆவியாகிப் போகிறது. குளத்தின் முதற் பங்காளி சூரியன். அவர் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. பங்கை எடுக்கத் தவறுவதுமில்லை.

கூட்டம் என்றேன். இரணைமடுவின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். காலபோகம் மழையோடு சேர்ந்தது. இருபதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் முழுவதும் விதைக்கப்படும். சிறுபோகமோ குளத்து நீரை மாத்திரம் நம்பியது. ஆகவே மாரி முடிந்ததும் அரசாங்க அதிபர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடைபெறும். குளத்தில் எத்தனை அடி, அதற்கு எத்தனை ஏக்கர் என்று பொறியியலாளர் சொல்வார். கமக்காரர் அதனை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். சத்தம், கோபம், பழைய கதைகள். மதியத்தின் பின் ஒரு முடிவு வரும். நீர் பாதி வயலுக்குத்தான் போதும் என்றால் பாதிப்பேர் விதைத்துப் பாதிப்பேர் பார்த்திருப்பதில்லை. காணிக்கேற்றபடி ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. இந்த முறை ஒரு வாய்க்காலின் வயல்களில் எல்லோரும் சேர்ந்து விதைப்பர். அடுத்த முறை வேறு வாய்க்கால். தன் வயல் தரிசாகக் கிடக்க அயலவன் வயலில் ஓர் ஏக்கரை விதைத்துவிட்டு வரும் அப்புவை நான் பார்த்திருக்கிறேன். சிங்கள மக்கள் 'பெத்ம' என்று சொல்லும் பழைய வழக்கமும் இதற்கு உறவானதே. களவாக விதைப்பவர் இருந்தனர். இரவில் வாய்க்காலை வெட்டுபவரும் இருந்தனர். அவர்களைப் பற்றி இங்கே புனிதக் கதை சொல்ல நான் வரவில்லை. ஆயினும் மிகுதியைப் பங்கிட எவருக்கும் தெரியும். குறைவைப் பங்கிட ஒரு முறைமையை இந்த மக்கள் கண்டு வைத்திருந்தார்கள். கட்டின் எந்த அடியை விடவும் இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்த நீரின் மேல் யாழ்ப்பாணத்தின் கண் விழுந்தது நேற்று இன்றல்ல. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1954இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். அதன் அழகு இதுதான்: இரணைமடுவின் ஒரு துளியையும் அது கேட்கவில்லை. வான் பாய்ந்து ஆனையிறவுக் கடனீரேரியிற் கலந்து, சுண்டிக்குளத்தினூடாகக் கடலுக்குப் போகும் மாரி நீரை மறித்து, அந்தக் கடனீரேரியையே நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து குடாநாட்டின் நிலத்தடி நீரை வளப்படுத்துவது. கமக்காரன் விட்ட மிச்சத்தைக் குடாநாடு எடுத்துக்கொள்ளும். ஆற்றின் பழைய நியதிக்கு ஒத்த திட்டம். சுண்டிக்குளத்தில் கட்டு வந்தது. முள்ளியான் வாய்க்காலும் தொடங்கப்பட்டது. ஆனால் திட்டம் முழுமை பெறவேயில்லை. கட்டை வெள்ளம் கொண்டுபோயிற்று. பிறகு யுத்தம் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று.

எங்களையும் கொண்டுபோயிற்று. 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதின்ம வயது. காலபோகத்துக்கு உழுது வைத்த நிலம் அப்படியே கிடந்தது. அதைப் பற்றி இன்னும் எழுதப் புகுந்தால் கட்டுரை வேறாகிவிடும்.

யுத்தம் 2009இல் முடிந்தபின், 2010இல் யாழ்ப்பாண, கிளிநொச்சிக் குடிநீர்த் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வந்தது. இரணைமடுவின் கட்டை ஈரடி உயர்த்துவது. அதிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கனமீற்றர் நீரைக் குழாய்வழி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது. குடாநாட்டுக்கு அது வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. இறைப்பு இயந்திரம் வந்தபின் கிணறுகளில் உவர் ஏறிற்று. தோட்டத்துக்கு இட்ட உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, நைத்திரேற்றாகக் குடிநீரிற் கலந்தன. இதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆனால் கிளிநொச்சிக் கமக்காரர் மறுத்தனர். வடக்கின் அரசியல் மேடைகளில் இரண்டு பக்கமும் சூடு ஏறியது.

மேடைப் பேச்சுகளை விடுகிறேன். அந்த விவாதத்தின் முழுச் சாரத்தையும் நான் கேட்டது எங்கள் வீட்டுத் திருமணமொன்றில். என் மாமி, அதாவது அப்புவின் மூத்த மகள், தீவுப்பகுதியில் வாழ்க்கைப்பட்டவர். அவர் கிணற்று நீரிற் சவர்க்காரம் நுரைக்காது. பவுசர் வரும் நாளில் வாளிகளை வரிசையாக அடுக்கிவிட்டு வேலியோரம் நிற்பார். என் சித்தப்பா, அப்புவின் கடைசி மகன், இன்றும் உருத்திரபுரத்தில் அதே மூன்று ஏக்கரைச் செய்கிறார். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது தொடங்கியது.

"அக்கா, குளம் நிறைஞ்சால் நீங்கள் வேண்டியளவு கொண்டுபோகலாம். நிறையாட்டி?"

"நிறையாட்டி நீ அந்தமுறை விதையாதை. நான் தண்ணி குடியாமல் இருக்கேலுமே?"

"விதையாட்டி நான் என்னத்தைத் தின்னுறது?"

"நானும் அப்புவின்ரை பிள்ளைதானே தம்பி. அந்தக் குளத்திலை எனக்கொரு சொட்டும் இல்லையோ?"

சித்தப்பாவுக்குப் பதில் வரவில்லை. மாமியும் அழுத்திக் கேட்கவில்லை. இருவரும் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். மணமக்கள் புறப்படும்வரை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 27,000 கனமீற்றர் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 ஏக்கரடி. உயர்த்தும் ஈரடியால் வரும் மேலதிகக் கொள்ளளவு ஏறத்தாழ 13,000. ஆகவே கூடுதலாகச் சேர்ப்பதிலிருந்தே கொடுக்கிறோம் என்று பொறியியலாளர் சொன்னது சரி. சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு நாலைந்து அடி நீர் வேண்டும். ஆகவே குளம் 34 அடியைத் தாண்டாத ஆண்டில் அந்த 8,000 ஏக்கரடியும் 1,600 முதல் 2,000 ஏக்கர்வரை சிறுபோகத்தை விழுங்கும் என்று கமக்காரர் சொன்னதும் சரி. ஒருவர் நிறைந்த ஆண்டைப் பற்றிப் பேசினார். மற்றவர் நிறையாத ஆண்டைப் பற்றிப் பேசினார். இருவரும் ஒரே குளத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டனர். வரட்சி ஆண்டில் யாருக்கு எவ்வளவு குறையும் என்ற ஒரே கேள்விதான் கேட்கப்பட்டிருக்க வேண்டியது. அந்தக் கேள்விக்குப் பதில் காணும் முறைமை சிறுபோகக் கூட்டத்தில் ஏற்கனவே இருந்தது. மாமியையும் அக்கூட்டத்தில் ஒரு பங்காளியாக இருத்தியிருந்தால், சத்தம் போட்டாவது மதியத்தின் பின் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். என் கணிப்புப் பிழையாகவும் இருக்கலாம். சித்தப்பா அப்படித்தான் சொல்கிறார்.

இன்னொரு கூட்டத்தார் உண்டு. எந்தக் கணக்கிலும் இவர்கள் வருவதில்லை. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் ஓடிவந்தவர்கள் பலர் கிளிநொச்சியின் மேட்டு நிலங்களிற் குடியமர்ந்தனர். பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்கள் அவர்களால் ஆனவை. வாய்க்காலின் மட்டத்துக்கு மேலே இருப்பதால் குளத்து நீர் அங்கே ஏறாது. இரணைமடுவின் வயல்களில் நாற்று நட்டும் களை பிடுங்கியும் அரிவு வெட்டியும் வாழ்ந்தவர்கள் அவர்களே. எங்கள் மூன்று ஏக்கரிலும் அப்படித்தான். குளத்து நீர் யாழ்ப்பாணத்துக்கா கிளிநொச்சிக்கா என்று நாங்கள் வாதாடிய காலத்தில், அவர்களது கிணறுகள் கோடையில் வற்றிக் கிடந்தன. பங்குள்ளவர் சண்டை பிடிக்கலாம். பங்கில்லாதவர் வேலைக்குக் கூப்பிடும்வரை காத்திருக்கவேண்டும். எங்கள் வீட்டுச் சண்டையிலும் ஒருவரும் அவர்களை நினைக்கவில்லை; நான் உட்பட.

உயர்த்திய கட்டுக்கு 2018ஆம் ஆண்டே சோதனை வந்தது. அவ்வாண்டு மார்கழியில், 21ஆம் திகதி இரவு முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளிற் பேய்மழை. ஆறு திரண்டு வந்தது. வான் கதவுகள் திறக்கப்பட்டன. கீழே கண்டாவளை, பரந்தன், முரசுமோட்டை, பன்னங்கண்டிப் பக்கங்களில் வீடுகளும் பயிரும் வெள்ளத்துள் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளில் தஞ்சமடைந்தன. கதவுகளை முன்கூட்டியே திறந்திருக்கலாமே என்று பலர் கேட்டனர். கேள்வி எளிது. கதவைத் திறக்க நிற்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு எளிதல்ல. முன்கூட்டித் திறந்தபின் மழை பொய்த்தால், சிறுபோகத்து நீரைக் கடலுக்கு விட்டவர் என்ற பழி காலமெல்லாம் நிற்கும். பிந்தித் திறந்தால் வெள்ளம். திறக்காது விட்டால் கட்டே போய்விடும். 1986 சித்திரை 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை இலங்கையில் நீர்த்துறையினர் எவரும் மறந்திருக்க முடியாது. 2009 தையில், யுத்தத்தின் நடுவே, இரணைமடுவுக்கு அண்மையிலுள்ள கல்மடுக்குளத்தின் கட்டுத் தகர்க்கப்பட்டு நீர் வயல்வெளியெங்கும் பாய்ந்ததையும் அப்பகுதி மக்கள் கண்டவர்கள். அந்த மார்கழி இரவில் சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள் கட்டுக்குப் போய்விட்டார். போய் என்ன செய்யப்போகிறார் என்று சின்னம்மா தொலைபேசியில் அழுதார். ஒன்றும் செய்யவில்லை. கனகாம்பிகை அம்மன் கோயிற் பக்கமாக நின்று, இன்னும் சில கமக்காரரோடு விடியும்வரை நீரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கட்டு நின்றது.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடு நீர் வரவில்லை. பதிலாகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஆவணியில் திறந்துவைக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர். கடலைக் குடிநீராக்க மின்சாரம் வேண்டும். அதன் செலவு ஆற்று நீரின் செலவைவிடப் பன்மடங்கு. ஆற்றைப் பங்கிட ஒத்துக்கொள்ள முடியாமற்போனதற்கு நாம் செலுத்தும் வரி என்றே அதனை நான் எண்ணுகிறேன். மாமி அப்படி எண்ணுவதில்லை. அவருடைய ஒழுங்கையில் குழாய் பதித்து, மண்ணைத் திரும்ப மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடல்தண்ணியோ குளத்துத் தண்ணியோ, பைப்பைத் திறந்தால் வரவேணும் என்கிறார். எழுபது வயதில் வாளி தூக்கியவருக்கு அப்படிச் சொல்ல உரிமையுண்டு.

சென்ற மாரியில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே தூறல். என் தொலைபேசி ஒலித்தது, சித்தப்பா. நான் பேசத் தொடங்குமுன் மாமி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பியே? கேள், எத்தினை அடியாம்?"

"இருபத்தொன்பதாம் மாமி."

அவர் வெற்றிலைத் தட்டத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.